பிக்கப்பில் வள்ளம் கொளுவ முன்

வாடைக் காற்று (வடகீழ்ப் பருவக்காற்று) தொடங்கி முல்லைத்தீவுக் கடல் எழும்பத் தொடங்கினால் வள்ளங்கள் கரையேறிவிடும். ஏறின வள்ளம் எல்லாம் அங்கேயே கிடப்பதில்லை. சில மேற்குக் கரைக்கு, நாச்சிக்குடா, விடத்தல்தீவுப் பக்கம் போகும். சோளகக் காற்று (தென்மேல் பருவக்காற்று) தொடங்கினால் மறுவளமாகத் திரும்பி வரும். இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்களுக்குப் போகிறவை, பைபர் ஒட்டப் பட்டறைக்குப் போகிறவை, புதிதாக வாங்கி வருகிறவை என்று றோட்டில் ஓடுகிற வள்ளங்களும் உண்டு. முன்பு இதெல்லாம் உழவு இயந்திரத்தின் வேலை. இப்போது டபுள் கெப் பிக்கப் வைத்திருப்பவர்கள் தாங்களே கொளுவி இழுக்கிறார்கள்.

வருகிற பிழைகளில் பாதி இந்த மாற்றத்தில்தான் பிறக்கிறது. உழவு இயந்திரத்தில் பழகின பழக்கம் அப்படியே பிக்கப்புக்கு வந்துவிடுகிறது. மணிக்கு 20 கிலோமீற்றரில் தாக்குப்பிடித்த கயிறும் ஆணியும் பழைய ரயரும் 60இல் தாக்குப்பிடிக்காது. வாங்கும்போது எல்லாரும் இழுவலுவைத்தான் கேட்கிறார்கள். புதிய ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மக்ஸ் டீசல் வாகனங்களுக்குப் பல நாடுகளில் 3500 கிலோ வரை இழுவை எல்லை கொடுத்திருக்கிறார்கள். 18 அடி பைபர் வள்ளம் அதற்கு ஒரு சுமையே இல்லை. ஆனால் அந்த 3500, ரெயிலரில் சொந்த பிரேக் இருந்தால் மட்டும்தான். பிரேக் இல்லாத ரெயிலருக்கு இதே வாகனங்களின் எல்லை வழமையாக 750 கிலோ. எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஒட்டி எடுக்கிற ரெயிலர்களில் பிரேக் இருப்பது அரிது. ஆகவே பார்க்க வேண்டிய இலக்கம் 750. உங்கள் வாகனத்தின் கைநூலில் அதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் எல்லை. பழைய 2.5 லீற்றர் எஞ்சின்காரர்கள் கைநூலைப் பார்க்காமல் கொளுவவே கூடாது.

750 கிலோ எவ்வளவு கெதியாக முடிகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வெறும் வள்ளம் 450 கிலோ, ரெயிலர் 300 கிலோ என்று தராசு காட்டியதாக வைப்போம். எல்லை அங்கேயே முடிந்துவிட்டது. அதற்கு மேல் 40 குதிரைவலு எஞ்சின் 75 கிலோ, 25 லீற்றர் மண்ணெண்ணெய்க் கான் இரண்டு 40 கிலோ, ஈர வலை 150 கிலோ, ஐஸ் பெட்டி 60 கிலோ, நங்கூரமும் கயிறும் மிதவையும் 30 கிலோ. மொத்தம் 1105. எஞ்சின், கான், வலை, பெட்டி, நங்கூரம் எல்லாவற்றையும் இறக்கிப் பிக்கப்பின் தட்டில் ஏற்றினால் ரெயிலரில் 750 மிஞ்சும். அப்போதும் எல்லையில்தான் நிற்கிறீர்கள். தட்டில் ஏற்றின 355 கிலோவோடு உள்ளே இருக்கும் ஆட்களின் நிறையும், ரெயிலர் மூக்கு (பிக்கப்பில் கொளுவுகிற முன்நுனி) பிக்கப்பை அழுத்துகிற நிறையும் சேரும். பிக்கப்பின் பாரஎல்லைக்குள் அதெல்லாம் அடங்குகிறதா என்று தனியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

நிறையைக் கண்ணால் மட்டிட வேண்டாம். பெரிய அரிசி ஆலைகளிலும் கல் உடைக்கும் இடங்களிலும் வாகனம் நிறுக்கும் தராசு இருக்கும். ஒருமுறை ரெயிலரை மட்டும் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்தால் அந்த இலக்கம் எத்தனையோ வருசத்துக்கு உதவும். பழைய பைபர் வள்ளங்களில் உள்ளே இருக்கும் பலகையும் நுரையும் நீரை உறிஞ்சி வைத்திருக்கும். புதிதில் இருந்ததைவிட நிறை இப்போது கூடியிருக்கும். மழைத் தண்ணீர் அதைவிட மோசம். நாலு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலமுள்ள அடித்தட்டில் பத்துச் சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் அது 400 லீற்றர், அதாவது 400 கிலோ. அந்தத் தண்ணீர் அசையாமலும் இருக்காது. பிரேக் பிடித்தால் முன்னுக்கு ஓடும், வேகம் கூட்டினால் பின்னுக்கு ஓடும். வெளிக்கிட முன் இறைத்துவிட்டு, அடியில் இருக்கும் துவாரத்தின் மூடியைக் கழற்றிவிட்டே ஓட வேண்டும். கழற்றின மூடியைச் சாவிக் கொத்தோடு கட்டி வையுங்கள். கடலில் இறக்கும்போது அதுவே ஞாபகப்படுத்தும்.

இனி கொளுவுகிற இடம். பின் பம்பரில் ஓட்டை போட்டு, ரெயிலர் மூக்குக் கொளுவும் இரும்பு உருண்டையைப் பூட்டி வைத்திருக்கும் வாகனங்களைக் காண்கிறோம். ஏறி மிதிப்பதற்கான பம்பர் தகடு இழுவைக்குச் செய்ததல்ல. ரோ பார் (உருண்டையைத் தாங்கும் இழுவைச் சட்டம்) என்றால் வாகனத்தின் அடிச்சட்டமான சசியின் இரண்டு பக்கச் சட்டத்திலும் போல்ற் போட்டு இறுக்கினதாக இருக்க வேண்டும், அதன் எல்லை நிறை தகட்டில் பொறித்திருக்க வேண்டும். அடுத்தது உருண்டையின் அளவு. 50 மில்லிமீற்றர் உருண்டையும் உண்டு, ஒன்றே முக்கால் அங்குலமும் அரைக்கால் அங்குலமும் சேர்ந்த, ஏறக்குறைய 47.6 மில்லிமீற்றர் உருண்டையும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சின்ன உருண்டையில் 50இன் தலை வடிவாகப் பூட்டினது போலவே இருக்கும், முதலாவது பெரிய பள்ளத்தில் எகிறிக் கழன்றுவிடும். அளவு உருண்டையின் தலையிலும் ரெயிலர் மூக்கிலும் பொறித்திருக்கும், வாசித்துப் பாருங்கள். பூட்டின பிறகு மூக்கை ஜக்கால் மேலே தூக்குங்கள். பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால்தான் உண்மையில் பூட்டியிருக்கிறது. பூட்டுக் கைபிடியில் இருக்கும் ஓட்டைக்குள் ஒரு பின்னையோ சின்னப் பூட்டையோ போட்டுவிடுங்கள்.

ஆணியும் வளையமும் போட்டுக் கொளுவுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உழவு இயந்திரத்துக்கு அது சரியான முறை. பிக்கப்பில் அந்த ஆணிக்கும் வளையத்துக்கும் இடையில் உள்ள ஆட்டம் ஒவ்வொரு பிரேக்கிலும் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் சுத்தியல் அடியாக விழும். போல்ற் இளகும், ஒட்டு வெடிக்கும்.

சங்கிலி இரண்டு போட வேண்டும். மூக்குக்குக் கீழால் ஒன்றையொன்று குறுக்காகப் போட்டு, டி-வளையத்தால் ரோ பாரின் சட்டத்தில் பூட்டுங்கள், உருண்டையில் அல்ல. குறுக்காகப் போடுவதற்குக் காரணம் உண்டு. உருண்டை கழன்றால் மூக்கு றோட்டில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். குத்தினால் ரெயிலர் தலைகீழாகப் புரளும். வளைவில் இழுபடாத அளவு நீளம் வேண்டும், தார் றோட்டில் உரசாத அளவு கட்டையாகவும் இருக்க வேண்டும். சங்கிலிக்குப் பதிலாக நைலோன் கயிறு கட்டுவது தன்னைத்தான் ஏமாற்றுகிற வேலை.

இனிச் சொல்லப்போவதைத்தான் மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமாகப் பார்க்கச் சொல்லுவோம்: மூக்கு நிறை. ரெயிலரின் மொத்த நிறையில் நூற்றுக்கு 7 முதல் 10 வரை உருண்டையில் அழுத்த வேண்டும். 750 கிலோ ரெயிலரில் அது 53 முதல் 75 கிலோ. இதைப் பார்க்க நெல் மூடை நிறுக்கும் தராசே போதும். சம நிலத்தில் சில்லுகளுக்குக் கட்டை போட்டு, தராசில் ஒரு மரக்குற்றியை நிறுத்தி, உருண்டை இருக்கிற உயரத்தில் மூக்கை அதன் மேல் இறக்குங்கள். தராசு காட்டுவதில் குற்றியின் நிறையைக் கழித்துவிடுங்கள். குறைவாக இருந்தால் வள்ளத்தை ரெயிலரில் முன்னுக்குத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் சாமானை முன்னுக்கு மாற்ற வேண்டும். மூக்கு நிறை குறைந்த ரெயிலர் ஒரு வேகத்துக்கு மேல் வால் ஆட்டும். முதலில் மெல்ல, பிறகு பிக்கப்பின் பின்பக்கத்தையே இழுத்து எறியும். கூடினாலும் தீமைதான். பிக்கப்பின் பின்பக்கம் தாழும், முன்சில்லில் பாரம் குறையும், ஸ்டியரிங் இலகுவாகிவிடும்.

வள்ளத்தின் பின்பலகையில் தொங்கும் எஞ்சின் இந்தக் கணக்கை எப்படிக் குழப்புகிறது என்று பாருங்கள். ரெயிலரின் அச்சுக்கு 2.5 மீற்றர் பின்னால் 75 கிலோ எஞ்சின், அச்சுக்கு 4 மீற்றர் முன்னால் உருண்டை. அந்த எஞ்சின் மட்டும் மூக்கிலிருந்து 47 கிலோவைத் தூக்கிவிடுகிறது. சீசோ போலத்தான், நடுவில் அச்சு. அதனால்தான் எஞ்சினைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொல்லுகிறோம். தட்டில் படுக்க வைக்கும்போது உள்ளே நிற்கும் கடல்நீரை முதலில் வடிய விட வேண்டும். தலைப்பக்கம் எப்போதும் காற்றாடிப் பக்கத்தைவிட உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மிஞ்சின நீர் சிலிண்டருக்குள் போகும். எந்தப் பக்கம் சரித்துக் கிடத்தலாம் என்பது எஞ்சினின் கைநூலில் இருக்கும். அடியில் பழைய ரயர் ஒன்று போட்டுக் கட்டுங்கள். கழற்ற வசதி இல்லாமல் வள்ளத்திலேயே விட்டால், தூக்கி வைத்த எஞ்சினை அதன் சின்னத் தாங்கியை மட்டும் நம்பி விடாதீர்கள். எஞ்சினின் காலுக்கும் பின்பலகைக்கும் இடையில் மரக்கட்டை ஒன்று செருகிக் கட்டினால்தான் கிறவல் றோட்டின் குலுக்கத்தில் பின்பலகை வெடிக்காது.

வள்ளத்தைத் தாங்கும் மரச்சட்டங்கள் பின்பலகைக்கு நேர் கீழ்வரை போக வேண்டும். ஒரு அடி குறைந்தாலும் பின்பக்கம் அந்தரத்தில் தொங்கி, காலப்போக்கில் அடி வளைந்துவிடும். அடி வளைந்த வள்ளம் பிறகு கடலில் சரியாக ஓடாது. மரச்சட்டத்துக்குப் பழைய கார்ப்பெற் சுற்றி, ஆணித் தலை வெளியே தெரியாமல் அடியுங்கள். கட்டும்போது அணியத்து (வள்ளத்தின் முன்நுனி) வளையத்தை முன்கட்டையோடு இழுத்துப் பிடிக்கும் வின்ச் பட்டி ஒன்று, அதே வளையத்திலிருந்து ரெயிலருக்குத் தனியாக ஒரு சங்கிலி. வின்ச்சின் பல் கழன்றாலும் சங்கிலி பிடிக்கும். பின்பக்கத்தில் இரண்டு மூலைக்கும் ஒவ்வொரு இறுக்குப் பட்டி, நேர் கீழாக ரெயிலர் சட்டத்துக்கு. வள்ளத்துக்கு மேலால் குறுக்காக ஒரே கயிற்றைப் போட்டு நெரித்துக் கட்டுவதுதான் எங்கள் பக்கத்து வழமை. அது விளிம்பை உள்ளே அமத்திப் பைபரில் கீறல் விழுத்தும். நைலோன் கயிறு நனைந்தால் நீளும், வெளிக்கிடும்போது விறைப்பாக இருந்த கட்டு மாங்குளத்தில் தொய்ந்து கிடக்கும். பட்டி இல்லாமல் கயிறுதான் என்றால் 15 கிலோமீற்றரில் ஒருமுறை நிப்பாட்டித் திரும்ப இறுக்குங்கள்.

ரயரும் பெயரிங்கும். ரெயிலர் ரயர் தேய்ந்து சாவதில்லை, கிடந்து சாகிறது. வருசத்தில் பத்து நாள் ஓடி மிச்ச நாள் வெயிலில் நிற்பதால் பூ அப்படியே இருக்கும், பக்கச்சுவர் மட்டும் வெடிக்கும். பக்கச்சுவரில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் செய்தது. ஆறு வருசம் தாண்டினதை நாங்கள் நம்புவதில்லை. பாரச் சுட்டெண்ணும் அங்கேயே இருக்கும்: 71 என்றால் ஒரு ரயருக்கு 345 கிலோ, 80 என்றால் 450, 91 என்றால் 615. முச்சக்கரவண்டிச் சில்லு போட்ட ரெயிலரில் சுட்டெண் 71 என்றால் இரண்டு சில்லும் சேர்ந்து 690 கிலோதான். மேலே போட்ட 750இல் மூக்கு நிறையைக் கழித்தாலும் அது எல்லையில்தான் நிற்கும். சின்னச் சில்லுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 60 கிலோமீற்றர் வேகத்தில் பிக்கப்பின் சில்லு ஒரு செக்கனுக்கு ஏழு முறை சுற்றும்போது இது பதின்மூன்று முறை சுற்றுகிறது. சூடும் அதற்கேற்ப ஏறும். காற்றுக் குறைந்திருந்தால் இன்னும் ஏறும். ரயர் குளிர்ந்திருக்கும்போது, பக்கச்சுவரில் சொல்லியிருக்கும் அளவுக்குக் காற்று நிரப்புங்கள்.

சில்லின் குடம் (பெயரிங் இருக்கும் நடுப்பகுதி) சூடாக இருக்கும்போது கடலில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சடுதியாகக் குளிர்ந்து சுருங்கும், உப்பு நீரை உள்ளே உறிஞ்சும். பெயரிங் போவதற்கு முதல் காரணம் இதுதான். கரைக்கு வந்ததும் 20 நிமிசமாவது ஆற விடுங்கள், அந்த நேரத்தில் கட்டுகளை அவிழ்க்கலாம், எஞ்சினைப் பூட்டலாம். உப்பில் இறங்கும் ரெயிலருக்கு வருசத்துக்கு ஒருமுறையாவது பெயரிங்கைக் கழற்றிக் கழுவி, நீர் தாங்கும் கிறீஸ் புதிதாக அடைய வேண்டும். கழற்றும்போது கிறீஸ் பால் போல வெளுத்திருந்தால் நீர் போயிருக்கிறது, உள்ளே இருக்கும் ரப்பர் சீலையும் மாற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது சில்லைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு இளக்கி, விரலால் மட்டும் இறுக்கி, புதிய ஸ்பிளிட் பின் போட வேண்டும். ஸ்பனரால் இறுக்கினபடி விட்டால் பெயரிங் சூடேறி எரியும். ஓடத் தொடங்கி 15 கிலோமீற்றரில் நிப்பாட்டிக் குடத்தில் கை வையுங்கள். இளஞ்சூடு என்றால் சரி. கை வைக்க முடியாவிட்டால் அங்கேயே நில்லுங்கள். சில்லு நட்டுகளையும் அந்த இடத்திலேயே ஒருக்கால் இறுக்கிப் பாருங்கள். ரெயிலருக்கென்று உபரிச் சில்லு, அதற்குப் பொருந்தும் ஸ்பனர், தாழ்ந்த அச்சுக்குக் கீழே போகக்கூடிய ஜக், ஜக்குக்குக் கீழே வைக்கப் பலகைத் துண்டு. பிக்கப்பின் உபரிச் சில்லு ரெயிலருக்குப் பூட்டாது என்பதை நடு றோட்டில்தான் பலர் அறிகிறார்கள்.

லைற்றுகள் இரண்டு பக்கமும் எரிய வேண்டும், வள்ளத்தின் பின்நுனியில் சிவப்புத் துணி தொங்க வேண்டும். இருட்டில் ஓட வேண்டாம். தண்ணீரில் இறக்க முன் லைற் வயரின் பிளக்கைக் கழற்றுங்கள், சூடான பல்ப் குளிர் நீர் பட்டால் வெடிக்கும். வள்ளத்தின் பதிவு, எஞ்சின் பற்றுச்சீட்டு, ரெயிலரின் பதிவு எல்லாம் வாகனத்துக்குள் இருக்கட்டும். இழுவையும் காப்புறுதியில் அடங்குகிறதா என்று முதலே கேட்டு வையுங்கள்.

ஓட்டும்போது 50இலிருந்து 60 வரை போதும். 80இல் ஓடுகிற வாகனத்தை நிறுத்தப் பிரேக் செய்ய வேண்டிய வேலை 60இல் செய்வதைப்போல ஒன்றே முக்கால் மடங்கு. முன்னால் போகிற வாகனத்துக்கும் உங்களுக்கும் ஐந்து செக்கன் இடைவெளி விடுங்கள், 60இல் அது 80 மீற்றருக்குச் சற்று மேல். ஏ9இல் இது இலகு. பரந்தன் முல்லைத்தீவு றோட்டிலும் ஒட்டுசுட்டான் பக்கமும் மாட்டுப்பட்டி குறுக்கே வரும், முன்னால் போகும் ஒரு மாடு தெரிந்தால் பின்னால் பட்டியே வருகிறது என்று எடுத்துக்கொண்டு அப்போதே கியரைக் குறையுங்கள். அறுவடைக் காலத்தில் றோட்டோரம் நெல் காயும், அதன் மேல் பிரேக் பிடித்தால் ரெயிலர் பக்கவாட்டில் வழுக்கும். பூநகரி வெளியிலும் சங்குப்பிட்டிப் பாலத்திலும் சோளகக் காற்று பக்கத்திலிருந்து அடிக்கும், வெறும் வள்ளம் அதற்குப் பாய் போல. அங்கே 40. பழைய வட்டுவாகல் பாலம் ஒடுக்கம், ரெயிலர் சில்லு பிக்கப்பின் தடத்திலேயே போகாது, வளைவில் உள்ளே வெட்டும். எதிரே வாகனம் இல்லை என்று கண்ட பிறகே ஏறுங்கள், பாதி வழியில் பின்னுக்கு எடுப்பது நடக்காது. மாரியில் தண்ணீர் மேவிப் பாய்ந்தால் ரெயிலரோடு இறங்கவே வேண்டாம், வள்ளம் மிதந்து ரெயிலரையும் தூக்கும்.

வால் ஆட்டம் தொடங்கினால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். போக விடாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, அக்சிலறேற்றரிலிருந்து காலை மெல்ல எடுங்கள், தானாக அடங்கும். அடங்கின பிறகு ஓரமாக நிப்பாட்டிச் சாமானை முன்னுக்கு மாற்றுங்கள். மெதுவாகப் போனால் சரியாகிவிடும் என்று தொடர்ந்து ஓடுவது சரியல்ல, ரெயிலர் உங்களுக்கு நிறைக் கணக்குப் பிழை என்று சொல்லிவிட்டது.

பின்னுக்கு எடுக்கக் கையை ஸ்டியரிங்கின் கீழ்ப்பக்கம் வையுங்கள். கை இடப்பக்கம் போனால் ரெயிலரும் இடப்பக்கம் போகும். கொஞ்சம் கொஞ்சமாக, கோணம் கூடினால் முன்னுக்கு எடுத்து நேராக்கி மறுபடி. வெறும் வெளியில் ஒரு பின்னேரம் பழகினால் கை பிடித்துவிடும்.

முல்லைத்தீவுக் கரையில் சீமெந்துச் சரிவு தேடிக் கிடைக்காது, மணல்தான். கால் புதையும் மணலில் ரெயிலரோடு இறங்க முன் பிக்கப்பின் நாலு ரயருக்கும் காற்றை 18 அல்லது 20 பிஎஸ்ஐக்கு இறக்கி, நாலு சில்லு இழுவையில் தாழ்ந்த கியரைப் போடுங்கள். றோட்டுக்கு ஏறினதும் திரும்ப நிரப்ப வேண்டும், காய்ந்த தார் றோட்டில் நாலு சில்லு இழுவையோடு ஓடவும் கூடாது. அதைவிட நல்ல முறை, பிக்கப்பை இறுகின நிலத்தில் விட்டுவிட்டு ரெயிலரை நீளமான கயிற்றில் ஆட்களைக் கொண்டு இறக்குவது. வாகனத்தின் பின்சில்லு அலையில் நனைய வேண்டிய தேவையே இல்லை. புதைந்த பிக்கப்பை இன்னொரு வாகனம் இழுக்க வந்தால் கயிற்றை ரெயிலர் உருண்டையில் மாட்ட விடாதீர்கள். உருண்டை அந்த வகை இழுப்புக்குச் செய்யப்பட்டதல்ல. அதன் கழுத்து முறிந்தால் இரும்புத் துண்டு கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வரும், வேறு நாடுகளில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. சசியில் உள்ள இழுவைக் கொளுக்கியில் மட்டும் கட்டுங்கள், கயிறு விறைக்கும்போது அதற்கு நேரே யாரும் நிற்கக் கூடாது.

சரியான ரெயிலர் இல்லாமல் 30 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டியிருந்தால், எங்கள் அபிப்பிராயம், லொறி பிடித்து ஏற்றுவதே. தட்டில் பாதியும் வெளியில் பாதியுமாகப் பிக்கப்பில் வள்ளத்தைக் கிடத்திக் கட்டிக்கொண்டு போவதை ஒருபோதும் ஏற்க மாட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும்: ரெயிலர் முழுக்க, சில்லின் உட்பக்கம், வில்லுத்தகடுகளின் இடுக்கு, சங்கிலி, வின்ச், பிக்கப்பின் அடி, பின் பிரேக். குழாய் வடிவச் சட்டமுள்ள ரெயிலர் என்றால் உள்ளேயும் நீர் விட்டு, மூக்கை உயர்த்தி வைத்து வடிய விடுங்கள், உப்பு உள்ளிருந்துதான் தின்னத் தொடங்கும். பிறகு குடத்தின் மூடியைத் திறந்து கிறீஸின் நிறத்தைப் பாருங்கள்.